கண்ணுக்கு விலை உண்டா?

பாரிஸ் நகரிலுள்ள லூவர் அருங்காட்சியகத்தில் கரிய கல்தூண் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 2.25 மீட்டர். அதன் உச்சியில் ஒரு சிற்பம். நீதிக்கு அதிபதியாகிய சூரிய தேவன் ஷமாஷ் அரியணையில் வீற்றிருக்கிறான். அவன் முன்னால் பாபிலோனிய மன்னன் ஹம்முராபி பணிவுடன் நிற்கிறான். சிற்பத்திற்குக் கீழே, தூணைச் சுற்றிலும், ஆப்பு வடிவ எழுத்துகளில் ஏறத்தாழ 280 சட்டங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட இத்தூண், 1901-02-ஆம் ஆண்டில் ஈரானிலுள்ள சூசா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது.

வலியவர் எளியவரை ஒடுக்காதிருக்கவே தேவர்கள் தன்னை நியமித்தார்கள் என்று ஹம்முராபி அதன் முன்னுரையில் கூறுகிறான். உயர்ந்த நோக்கம்தான். ஆனால் சட்டங்களைப் படிக்கத் தொடங்கியதும் மனம் துணுக்குறுகிறது. அன்றைய பாபிலோனில் மேன்மக்கள், எளிய குடிகள், அடிமைகள் என்று மூன்று நிலைகள் இருந்தன. மேன்மகன் ஒருவன் மற்றொரு மேன்மகனின் கண்ணைக் குருடாக்கினால் அவனது கண்ணையும் குருடாக்க வேண்டும். அவன் ஓர் எளிய குடிமகனின் கண்ணைக் குருடாக்கினால் ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறத்தாழ அரை கிலோ வெள்ளி, செலுத்தினால் போதும். பிறருடைய அடிமையின் கண்ணைக் குருடாக்கினால் அந்த அடிமையின் விலையில் பாதி.

மருத்துவருக்கும் இதே அளவுகோல்தான். அறுவை சிகிச்சை செய்து ஒரு மேன்மகனின் கண்ணைக் காப்பாற்றினால் 10 ஷெக்கல் வெள்ளி, எளிய குடிமகனின் கண்ணைக் காப்பாற்றினால் 5 ஷெக்கல், அடிமையின் கண்ணென்றால் 2 ஷெக்கல்.

கண் ஒன்றே. அதில் நுழைகின்ற ஒளியும் ஒன்றே. அந்தக் கண்ணின் வழியாகப் பார்க்கின்ற அறிவும் ஒன்றே. ஆனால் விலை மட்டும் மூன்று!

3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கொடுமை என்று இதை எளிதாக ஒதுக்கிவிடலாம். அவ்வாறு ஒதுக்குவதற்கு முன்பு நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டிற்கு விருந்தினராக வருகின்ற செல்வந்தருக்கு நாம் தரும் புன்னகையும், நம் வீட்டுக் குப்பையை அள்ளிச் செல்பவருக்கு நாம் தரும் புன்னகையும் ஒரே விலையுடையவைதாமா?

நான்கு தனிச்சலுகைகள்

மனித சமுதாயத்தில் மேல், கீழ் என்ற அடுக்குகள் எங்கிருந்து தோன்றுகின்றன? சுவாமி விவேகானந்தர் லண்டனில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் இதற்குத் தெளிவான விடையைத் தருகிறார். ஒருவன் மற்றவனைவிட ஏதேனும் ஒன்றை அதிகமாகப் பெற்றிருப்பது இயற்கை. அந்த அதிகத்தைக் காரணம் காட்டி மற்றவன்மீது ஆதிக்கம் செலுத்துவதே தனிச்சலுகை. இத்தகைய தனிச்சலுகைகள் நான்கு என்று சுவாமிஜி வரிசைப்படுத்துகிறார். முதலாவது உடல்வலிமையின் சலுகை. இரண்டாவது செல்வத்தின் சலுகை. மூன்றாவது, இவற்றைவிட நுட்பமான அறிவின் சலுகை. நான்காவது ஆன்மிகத்தின் சலுகை. இவற்றுள் கடைசியானதே மிகவும் கொடியது என்பது அவரது முடிவு.

ஒரு துறவி, அதிலும் உலகெங்கும் ஆன்மிகத்தைப் பரப்பிய துறவி, ஆன்மிகத்தின் பெயரால் வரும் ஆதிக்கத்தையே மிகக் கொடியது என்று கூறியது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதாகும். இந்த நான்கையும் பண்டைய நாகரிகங்களின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அவரது சொல்லின் உண்மை நன்கு விளங்கும்.

வலிமையும் அச்சமும்

வலிமையின் சலுகைக்குப் பண்டைய கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா ஓர் எடுத்துக்காட்டு. ஸ்பார்ட்டர்கள் உழவில்லை, நெய்யவில்லை, வணிகம் செய்யவில்லை. போர்ப்பயிற்சி ஒன்றே அவர்களது வாழ்க்கை. அவர்களுக்காக நிலத்தை உழுது உணவளித்தவர்கள், ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமைக்குடிகள். கி.மு. 479-இல் பிளாட்டியாவில் நடைபெற்ற போரில் 5,000 ஸ்பார்ட்டர்களுடன் 35,000 ஹெலட்டுகள் சென்றதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஒருவருக்கு எழுவர்!

ஒவ்வோர் ஆண்டும் ஸ்பார்ட்டாவின் அதிகாரிகள் தங்களுக்கு உணவளிக்கும் இந்த மக்கள்மீதே முறைப்படி போர் அறிவிப்பார்கள். அவர்களுள் யாரையேனும் கொல்ல நேர்ந்தால் அது கொலைப் பாவமாகாது, போர்ச்செயலாகிவிடும் என்பதற்காக! ஒருமுறை, போரில் நாட்டுக்காகச் சிறப்பாகப் பணியாற்றியவர்கள் முன்வந்தால் விடுதலை தருவதாக அறிவித்தார்கள். சுமார் 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் மாலை சூடி, விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் கோயில்களை வலம் வந்தனர். சிறிது காலத்திற்குள் அத்தனை பேரும் மறைந்துபோயினர். எவ்வாறு மாண்டனர் என்பதை ஒருவரும் அறியவில்லை என்று துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். விடுதலையை விரும்பும் நெஞ்சுரம் உடையவர்கள் யார் என்று கண்டுகொள்வதற்காகவே விரிக்கப்பட்ட வலை அது.

இந்தக் கொடுமைக்குக் காரணம் என்ன? அச்சம். ஏழு பேரை அடக்கி வைத்திருக்கும் ஒருவன் உறங்கும்போதும் ஈட்டியை அருகில் வைத்துக்கொண்டுதான் உறங்க வேண்டும். ஸ்பார்ட்டர்களின் புகழ்பெற்ற வீரத்திற்குப் பின்னால் இந்த அச்சமே நிழலாக நின்றது. இரண்டாவதாக ஒன்று இருக்கும்போதுதான் அச்சம் எழுகிறது என்பது பிருஹதாரண்யக உபநிஷதம் காட்டும் உண்மை. தன்னிலிருந்து வேறானவன், தனக்குக் கீழானவன் என்று எவனை ஒதுக்குகிறோமோ அவனைக் கண்டு நாம் அஞ்சியே தீர வேண்டும். கி.மு. 371-இல் லியூக்ட்ரா போரில் ஸ்பார்ட்டா தோற்றது. இரண்டே ஆண்டுகளில் மெசினியாவின் ஹெலட்டுகள் விடுதலை பெற்றுத் தங்களுக்கென நகரம் அமைத்துக்கொண்டனர். அதற்குப் பின்னர் ஸ்பார்ட்டா தன் பழைய நிலைக்கு மீளவே இல்லை.

செல்வமும் சொர்க்கமும்

செல்வத்தின் சலுகை மறுவுலகத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதை எகிப்து காட்டுகிறது. மறுமையில் மன்னனுக்கு நல்வழி காட்டும் மந்திரங்கள் கி.மு. 24-ஆம் நூற்றாண்டில் உனாஸ் என்ற மன்னனின் பிரமிடுக்குள் முதன்முதலாகப் பொறிக்கப்பட்டன. பின்னர் இவ்வகை மந்திரங்கள் உயர் அதிகாரிகளின் சவப்பெட்டிகளில் இடம்பெற்றன. அதற்கும் பின்னர் அவை பாப்பிரஸ் சுருள்களில் எழுதப்பட்டு விற்பனைக்கு வந்தன. பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டுத் தயார் நிலையில் வைக்கப்பட்டிருந்த சுருள்களும் கிடைத்துள்ளன. வாங்குபவர் தம் பெயரை நிரப்பிக்கொள்ளலாம். வாங்க முடியாதவர்? அவருக்குச் சுருள் இல்லை.

மூன்றாம் ராமேசஸ் மன்னனின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12-ஆம் நூற்றாண்டில், ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து, அவற்றின் சுவர்களில் சொர்க்கத்தின் காட்சிகளைத் தீட்டிய தொழிலாளர்கள் தெயிர் எல் மதீனா என்ற ஊரில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கூலியாகத் தரவேண்டிய தானியம் வரவில்லை. பசி தாங்காமல் வேலையை நிறுத்திவிட்டு, மன்னர்களின் நினைவாலயங்களுக்குச் சென்று அங்கே அமர்ந்துவிட்டார்கள். வரலாற்றில் பதிவாகியுள்ள முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். மன்னன் சொர்க்கம் செல்லச் சாலை அமைத்தவர்கள் பசியோடு அச்சாலையின் ஓரத்தில் அமர்ந்திருந்தார்கள்!

ஆனால் அதே எகிப்தியர்கள் ஒரு பெரிய உண்மையையும் உணர்ந்திருந்தார்கள். இறந்தவனின் இதயம் தராசின் ஒரு தட்டிலும், சத்தியத்தின் சின்னமான ஓர் இறகு மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்படும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தத் தராசில் மகுடத்தை வைப்பதில்லை, தங்கத்தை வைப்பதில்லை. இதயத்தை மட்டுமே வைக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய சுருள் எத்தனை நீளமாயினும், இதயம் கனத்துப்போனால் தட்டு தாழ்ந்துவிடும் என்பதை அவர்களது உள்ளம் அறிந்தே இருந்தது.

அறிவின் ஆணவம்

வலிமையும் செல்வமும் வெளிப்படையானவை. அறிவின் சலுகையோ நியாயத்தின் ஆடையை அணிந்து வருகிறது. அறிஞர்களின் நகரமான ஏதென்ஸில் பிளேட்டோ தமது இலட்சிய அரசை வகுத்தார். அதில், மக்கள் யாவரும் ஒரே தாயாகிய மண்ணிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் என்றும், ஆனால் படைக்கும்போதே இறைவன் சிலரில் பொன்னையும் சிலரில் வெள்ளியையும் மற்றவரில் இரும்பையும் வெண்கலத்தையும் கலந்துவிட்டான் என்றும் குடிமக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்கிறார். நலம் பயக்கும் ஒரு கற்பனை என்று தெரிந்தேதான் அவர் இதைக் கூறுகிறார். பொன்னான பெற்றோருக்கு இரும்பான குழந்தையும், இரும்பான பெற்றோருக்குப் பொன்னான குழந்தையும் பிறக்கலாம். அப்போது குழந்தையை அதன் தகுதிக்கேற்ற இடத்தில் வைக்க வேண்டும் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். கற்பனைகள் நிலைத்துவிடுகின்றன, அவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட நிபந்தனைகள் மறக்கப்பட்டுவிடுகின்றன. இது எல்லா நாட்டிற்கும் பொருந்தும் வரலாற்றுப் பாடம்.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி சென்றார். சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்றும், அடிமை என்பவன் உயிருள்ள ஒரு கருவி என்றும் அவர் வாதிட்டார். தறியின் ஓடம் தானாகவே நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்பது அவர் கூறிய ஓர் உவமை. இன்று தறிகள் தாமாகவே நெய்கின்றன. ஆயினும் சக மனிதனைக் கருவியாக எண்ணும் மனப்பான்மை மறைந்துவிட்டதா? இல்லை. எனவே நோய் தறியில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

இதில் ஒரு நெகிழ்ச்சியான செய்தியும் உண்டு. அரிஸ்டாட்டிலின் உயிலில், தம்மிடமிருந்த அடிமைகள் சிலருக்கு விடுதலை அளிக்குமாறு அவர் பணித்திருந்ததாக அறிகிறோம். இயற்கையாகவே அடிமையாக இருப்பவனுக்கு விடுதலை எதற்கு? மரணத்தின் வாசலில் நின்றபோது, அறிவு போட்ட கணக்கை இதயம் திருத்தியது போலும்!

ஆன்மிகத்தின் பெயரால்

நான்காவது தனிச்சலுகைக்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் வேறு நாட்டிற்குச் செல்லத் தேவையில்லை.

ரிக் வேதத்தின் புருஷ சூக்தம், மனித சமுதாயம் முழுவதையும் ஒரே விராட் புருஷனின் திருமேனியாகக் காட்டுகிறது. ஒரே உடலின் உறுப்புகளுக்குள் தீண்டாமை எவ்வாறு இருக்க முடியும்? காலில் முள் தைத்தால் கண் அழுகிறது, கை விரைந்து சென்று அதை எடுக்கிறது. இத்தகைய காட்சியிலிருந்து புறப்பட்ட சமுதாயம், நாளடைவில் தன் காலையே தொடக்கூடாதது என்று விலக்கியது. ஒரே குற்றத்திற்கு வருணத்திற்கேற்ப வெவ்வேறு தண்டனைகளை நமது ஸ்மிருதிகளும் விதித்தன. பாபிலோனின் கல்தூணைக் கண்டு துணுக்குறுகின்ற நாம் இதை மறைப்பது நேர்மையாகாது.

அதைவிட வேதனையானது ஞானத்தின் கதவு சாத்தப்பட்டதாகும். ஆத்மா ஒன்றே, அதற்குக் குலமில்லை, நிறமில்லை, ஆண் பெண் வேறுபாடில்லை என்று முழங்கிய வேதாந்தத்தைப் பயில்வதற்கே பிறப்பு ஒரு தகுதியாக வைக்கப்பட்டது. பிரம்ம சூத்திரத்தின் ஒரு பகுதி இந்தக் கேள்வியை விவாதித்து, வேதக் கல்வியை உபநயனம் பெற்றவர்களுக்கே உரியதாக்குகிறது. அங்கேயும், தர்மவியாதரும் விதுரரும் ஞானம் பெற்றவர்களே என்பதையும், இதிகாச புராணங்களின் வழியாக நான்கு வருணத்தாரும் அறிவைப் பெறலாம் என்பதையும் ஆதிசங்கரர் ஏற்றுக்கொள்கிறார். முழுவதுமாக மூடிவிட முடியாத கதவு அது. ஆயினும் கோடிக்கணக்கான மக்கள் பல நூற்றாண்டுகள் அக்கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது வரலாறு.

உடலை அடிமைப்படுத்துபவன் உடலை மட்டுமே கட்டுகிறான். ஆனால் உன் ஆன்மாவே தாழ்ந்தது, உன் பிறப்பே பாவத்தின் விளைவு என்று ஒருவனை நம்பவைப்பவன், அவன் எழுந்து நிற்பதற்கான உள்வலிமையையே பறித்துவிடுகிறான். ஆன்மிகத்தின் சலுகை மிகக் கொடியது என்று சுவாமிஜி கூறியதன் காரணம் இதுவே.

இருளிலும் அணையாத சுடர்கள்

எல்லா நாகரிகங்களிலும் இவ்வடுக்குகள் இருந்தன என்பது ஒரு பாதி உண்மை. எல்லா நாகரிகங்களிலும் இவ்வடுக்குகளைக் கடந்து நின்றவர்களும் இருந்தார்கள் என்பது மறு பாதி.

ரோமப் பேரரசில் ஓர் அடிமை வாழ்ந்தார். இன்றைய துருக்கியிலுள்ள ஹியராபோலிஸ் என்ற ஊரில் பிறந்தவர், கால் ஊனமுற்றவர். அவரது பெயர் எபிக்டீட்டஸ். பெறப்பட்டவன் என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். பெயரில்கூட ஒரு மனிதனாக அவர் இல்லை, ஓர் உடைமையாகவே இருந்தார். அடிமையாக இருந்தபோதே தத்துவம் பயின்ற அவர் பின்னர் விடுதலை பெற்றார். கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசன் டொமிஷியன் தத்துவ ஆசிரியர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபோது, கிரேக்கத்திலுள்ள நிக்கோபோலிஸ் நகருக்குச் சென்று அங்கே கற்பித்தார். நமது கட்டுப்பாட்டில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று பகுத்தறிவதே அவரது போதனையின் சாரம். உடலும் உடைமையும் பதவியும் பிறர் கையில் இருக்கலாம். உள்ளத்தின் தீர்மானத்தை எவராலும் விலங்கிட முடியாது. நித்யாநித்ய விவேகம் என்று வேதாந்தம் கூறும் முதற்படியை இது நமக்கு நினைவூட்டுகிறதல்லவா?

அவர் தம் கைப்பட எதையும் எழுதவில்லை. அவரது மாணவர் ஆரியன் குறிப்பெடுத்துக்கொண்டார். எபிக்டீட்டஸ் மறைந்த பிறகு, அந்தக் குறிப்புகளின் ஒரு பிரதியை ரஸ்டிகஸ் என்ற ஆசிரியர் தம்மிடமிருந்து ஓர் இளைஞருக்குக் கொடுத்தார். அந்த இளைஞரே பின்னாளில் கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசை ஆண்ட மார்கஸ் அரேலியஸ். பேரரசரான பிறகு எழுதிய தமது சிந்தனைக் குறிப்புகளில், அந்தப் பிரதியைத் தந்ததற்காக அவர் ரஸ்டிகஸுக்கு நன்றி கூறுகிறார். சமுதாயத்தின் அடித்தட்டில் இருந்தவர் குரு. உச்சியில் இருந்தவர் சீடர்!

சாந்தோக்கிய உபநிஷதம் இதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே இத்தகைய ஒரு காட்சியைக் காட்டுகிறது. சத்தியகாமன் என்ற சிறுவன் கல்வி பயில விரும்புகிறான். தன் கோத்திரம் என்னவென்று தாய் ஜாபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து வாழ்ந்த தனக்கு அது தெரியாது என்கிறாள் அந்தத் தாய். சிறுவன் கௌதம முனிவரிடம் சென்று, தாய் கூறியதை ஒரு சொல்லும் மறைக்காமல் அப்படியே சொல்கிறான். ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. சத்தியத்திலிருந்து நீ விலகவில்லை, அந்த ஒன்றே போதும் என்று முனிவர் அவனை ஏற்றுக்கொள்கிறார். கோத்திரத்தைக் கேட்ட வாய், சத்தியத்தைக் கண்டதும் அடங்கிவிட்டது.

பிறகு நடந்தது இன்னும் சிந்தனைக்குரியது. மெலிந்த 400 பசுக்களை ஓட்டிக்கொண்டு காட்டிற்குச் சென்ற சத்தியகாமன், அவை 1,000 ஆகும்வரை திரும்புவதில்லை என்று உறுதி பூண்டான். அங்கே அவனுக்குப் பிரம்மத்தைப் பற்றி உபதேசித்தவர்கள் யார்? ஒரு காளை, நெருப்பு, ஓர் அன்னம், ஒரு நீர்ப்பறவை! கோத்திரம் இல்லாத சிறுவனுக்குக் கோத்திரம் என்பதையே அறியாத உயிர்கள் குருவாக வந்தன. உண்மை எந்த வாசல் வழியாகவும் வரும். பணிவுள்ளவனே அதை அடையாளம் கண்டுகொள்கிறான்.

மகாபாரதத்தில் கௌசிகன் என்ற தவசீலர், தம் பார்வையாலேயே ஒரு கொக்கை எரித்தவர், மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதரிடம் தர்மத்தைக் கற்றுக்கொள்ள அனுப்பப்படுகிறார். அனுப்பியவரோ, கணவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஓர் இல்லத்தரசி. தவத்தின் ஆணவம் கடைத்தெருவில் உருகியது.

அரசாட்சியிலும் இச்சுடர் ஒளிர்ந்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மாமன்னர் அசோகர் தமது தூண் கல்வெட்டு ஒன்றில், விசாரணையிலும் தண்டனையிலும் சமநிலை நிலவ வேண்டும் என்று தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். முயற்சியுடையவராயின் பெரியோர் மட்டுமின்றி எளியோரும் உயர்நிலையை அடையலாம் என்று மற்றொரு கல்வெட்டில் அறிவித்தார். ஹம்முராபியின் தூணும் கல்தான். அசோகரின் தூணும் கல்தான். ஒன்று மனிதனின் நிலையைப் பார்த்து நீதியை அளந்தது. மற்றொன்று நீதிக்கு முன்னால் மனிதர் யாவரையும் ஒன்றாக நிறுத்த விரும்பியது.

அறிவது மட்டும் போதுமா?

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. எபிக்டீட்டஸின் போதனையைப் போற்றிய மார்கஸ் அரேலியஸ் அடிமை முறையை ஒழித்தாரா? இல்லை. அவர் காலத்திலும் அதற்குப் பின்னரும் அது தொடர்ந்தது. சத்தியகாமனின் கதையை ஓதிய நாடு பிறப்பைக் கேட்பதை நிறுத்திவிட்டதா? அதுவும் இல்லை. அகத்தில் எல்லோரும் சமம் என்று அறிந்துகொண்டு, புறத்தில் அடுக்குகளை அப்படியே விட்டுவைப்பது மிகவும் எளிது. பண்டைய ஞானத்தின் குறை அறிவில் இல்லை, அறிவு வாழ்க்கையாக மாறாததில் இருந்தது. காட்டிலும் குகையிலும் இருந்த வேதாந்தத்தை வயலுக்கும் கடைவீதிக்கும் சமையலறைக்கும் கொண்டுவர வேண்டும் என்று சுவாமிஜி துடித்தது இதனால்தான்.

தம் குருநாதரைப் பற்றிய சொற்பொழிவில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறியிருக்கிறார். பிராமண குலத்தில் பிறந்த பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர், உயர்ந்தவன் என்ற எண்ணத்தின் வேரையே அறுக்க விரும்பினார். தாழ்த்தப்பட்ட குலத்தவர் ஒருவரின் இல்லத்திற்கு நள்ளிரவில், எவரும் அறியாமல் சென்று, கழிப்பிடத்தைத் தூய்மை செய்து, தம் தலைமுடியாலேயே அந்த இடத்தைத் துடைத்தார். சமத்துவத்தை அவர் பேசவில்லை; தம் உடலைக்கொண்டு அதைச் சாதனை செய்தார்.

சுவாமிஜியின் வாழ்விலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1888-ஆம் ஆண்டு அவர் பிருந்தாவனத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வழியில் ஒருவன் அமர்ந்து புகைபிடித்துக்கொண்டிருந்தான். களைத்திருந்த சுவாமிஜி அவனிடம் புகைக்குழலைக் கேட்டார். அவன் பதறிப்போய், தான் துப்புரவுத் தொழில் செய்யும் குலத்தவன் என்றான். சுவாமிஜியும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். சில அடிகள் சென்றதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குலம், கோத்திரம் அனைத்தையும் துறந்து துறவு பூண்டவன் அல்லவா நான், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தம்மையே கடிந்துகொண்டார். திரும்பிச் சென்று, அம்மனிதனை வற்புறுத்தி, அவன் கையாலேயே குழலை வாங்கிப் புகைத்த பிறகே பயணத்தைத் தொடர்ந்தார்.

மகான்களின் மனத்திலும் நூற்றாண்டுகளின் படிவு ஒரு கணம் தலைகாட்டியது என்றால், நம் நிலை என்ன? அவருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு, அவர் திரும்பிச் சென்றார் என்பதே. நாம் நடந்துகொண்டே இருக்கிறோம்.

திரும்பிச் செல்வோம்

1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் பணியில் எவரையும் அமர்த்தக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சட்டங்கள் வேண்டும், அவை இருப்பது நமது பேறு. எனினும் சட்டம் வாசல்வரைதான் வர முடியும். வாசலுக்கு உள்ளே, அதற்கும் உள்ளே மனத்தில், சாதனை மட்டுமே நுழைய முடியும்.

வேறுபாடுகளே இல்லாத சமுதாயம் வேண்டும் என்று வேதாந்தம் கூறவில்லை. மருத்துவர் சிகிச்சை செய்வார், செவிலியர் பேணுவார், துப்புரவுப் பணியாளர் தரையைத் துடைப்பார். இம்மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நோயாளி பிழைக்க மாட்டார். பணிகள் வேறு, திறமைகள் வேறு. ஆனால் அந்த வேறுபாட்டைக் கொண்டு ஒருவரின் கண்ணுக்குப் 10 ஷெக்கல் என்றும் மற்றவரின் கண்ணுக்கு 2 ஷெக்கல் என்றும் விலை பேசும் உரிமை எவருக்கும் இல்லை. வேறுபாடு இருக்கட்டும், தனிச்சலுகை ஒழியட்டும் என்பதே சுவாமிஜியின் நிலைப்பாடு.

எனவே, ஒவ்வொரு நாளும் இரவு ஜபத்திற்கு அமர்வதற்கு முன்பு, அந்த நான்கு சலுகைகளை நான்கு கேள்விகளாக நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இன்று என் குரலின் வலிமையால், திருப்பிப் பேச முடியாத ஒருவரை அடக்கினேனா? வீட்டில் பணிபுரிபவர், அலுவலகத்தில் கீழ்நிலையில் இருப்பவர், சொந்தக் குழந்தை, யாராயினும் சரி.

இன்று என் பணத்தின் வலிமையால், ஒருவருக்கு உரியதைத் தாமதப்படுத்தினேனா? வீட்டு வேலை செய்பவருக்கென்று தனியாக ஒரு தம்ளர் எங்கள் சமையலறையில் இன்னும் இருக்கிறதா?

இன்று என் படிப்பின் வலிமையால், படிக்காத ஒருவரின் சொல்லைக் கேளாமலே தள்ளினேனா?

கடைசிக் கேள்வி பக்தர்களாகிய நமக்கே உரியது. இத்தனை ஆண்டுகள் ஜபம் செய்தவன், இத்தனை நூல்கள் படித்தவன், இத்தனை நன்கொடை அளித்தவன் என்ற எண்ணத்தால், இன்று ஒருவரைக் கீழாகப் பார்த்தேனா? சத்சங்கத்தில் முன்வரிசை இருக்கை எனக்கு உரியது என்று எண்ணினேனா? பின்வரிசையில் செருப்புகளுக்கு அருகே அமர்ந்து, கண்ணீருடன் கேட்டுக்கொண்டிருந்த அந்த எளிய மூதாட்டியை நான் பார்த்தேனா? பகவான் அன்று எந்த வரிசையில் அமர்ந்திருந்தார் என்பதை யார் அறிவார்?

நான்காவது கேள்விக்கு உண்மையாக விடை சொல்பவர் மற்ற மூன்றையும் எளிதில் கடந்துவிடுவார். நான்காவதில் தவறியவர் மற்ற மூன்றில் வென்றிருந்தாலும் பயனில்லை. ஆன்மிகம் என்ற மருந்தே நஞ்சாகிவிட்டால் அதற்குப் பிறகு வேறு மருந்து ஏது?

பாபிலோன் மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஸ்பார்ட்டாவின் ஈட்டிகள் துருவேறிவிட்டன. பாரோக்களின் பொன்னைக் கள்வர்கள் கொண்டு சென்றுவிட்டனர். ஆனால் விலைக்கு வாங்கப்பட்ட ஓர் அடிமையின் சொற்களும், தன் கோத்திரம் அறியாத ஒரு சிறுவனின் சத்தியமும் இன்றும் வாழ்கின்றன. மனிதர்கள் அமைத்த அடுக்குகள் சரிந்தன. அவற்றுக்கு அடியில் எது சரியாமல் நின்றதோ, அதுவே எல்லா உயிர்களிலும் ஒன்றாய் விளங்கும் ஆத்மா.

அந்த ஆத்மாவை நம் எதிரில் நிற்பவரின் கண்ணில் காணும் பார்வையை நமக்கு அருளுமாறு பகவானின் திருவடிகளில் பிரார்த்திப்போமாக. அந்தப் பார்வை வந்துவிட்டால் எந்தக் கண்ணுக்கும் விலை இல்லை என்பது விளங்கிவிடும்.